ஆணி அடிக்குமுன்: ஆடும் கதிரை, இறுகும் லாச்சி, தொங்கும் கதவு

என் கொட்டிலுக்குத் திருத்த வரும் கதிரைகளைக் கவிழ்த்தால் முதலில் கண்ணில் படுவது ஆணித் தலைதான். போன மாரியில் ஓர் அம்மா, தன் மாமனார் காலத்து முதிரைக் கதிரையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இன்னும் ஒரு ஆணி இறுக்கி விட்டால் காணும்" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே பொருத்தில் நான்கு ஆணி. நான்கும் கறள் பிடித்து, சுற்றியிருந்த மரம் கறுத்து, உள்ளே இருந்த கழுந்து நார் நாராய்ப் பிளந்திருந்தது. ஆணி படாமல் வந்திருந்தால் ஒரு பின்னேர வேலை. இப்போது கழுந்தையே புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று.

இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் உள்ள பொருளில் என்ன குறை தெரிகிறது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பெரிய வேலை கடைசியில் இருக்கும். ஓடாவியாரை (தச்சரை) கூப்பிடவேண்டிய இடம் எது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பெயர்களை மட்டும் ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப் போல மெலிதாக எடுத்தால் அது கழுந்து. மற்றச் சட்டத்தில் அது போய் இருக்கும் பொளி, துளை. கழுந்தின் அடியில், சட்டம் முழுத் தடிப்பாக நின்று மற்றச் சட்டத்தில் முட்டும் இடம் தோள். லாச்சி மூலைகளில் விசிறி போல விரிந்து கோத்துக்கொள்வது புறாவால் பொருத்து.

## கையில் இருக்கவேண்டியவை

கால் அங்குல உளி ஒன்று, அரை அங்குல உளி ஒன்று, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம், அளவுநாடா, பல் நெருக்கமான வாள், சான்ட் பேப்பர், தச்சர் பாவிக்கும் வெள்ளைக் கம். உளி மயிர் வெட்டும் கூரில் இருக்கவேண்டும். மொட்டை உளிதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதைப் பலம் போட்டுத் தள்ளவேண்டியிருக்கும்.

கிளாம்ப் இல்லையே என்று நிற்கவேண்டாம். பழைய சைக்கிள் ரியூபை நீளவாக்கில் கீறி எடுத்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் கதிரைக் காலுக்கு அதைப்போல ஒரு பிடி வேறில்லை. பெரிய சட்டம் என்றால் தும்புக்கயிற்றை இரட்டையாகச் சுற்றி, நடுவில் தடியைச் செருகி முறுக்குங்கள். கயிறு படும் மூலைகளில் மடித்த துணி வைக்க மறக்கவேண்டாம்.

## கதிரை ஆடுகிறது

### எந்தப் பொருத்தும் அசையவில்லை, ஆனால் நிலத்தில் வைத்தால் ஆடுகிறது

கதிரையை வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். சிமெந்து நிலத்தில் நாலு இடத்திலும் ஒரே காலடியில் இடைவெளி தெரிந்தால் அந்தக் கால் கட்டை. ஓர் இடத்தில் மட்டும் ஆடினால் நிலத்தில்தான் பிழை. கால் கட்டை என்றால் மற்ற மூன்றையும் அறுக்க இறங்கவேண்டாம். இடைவெளிக்குள் கடதாசியை மடித்துச் செருகி, ஆட்டம் நிற்கும் தடிப்பைக் கண்டுபிடித்து, அதே தடிப்பில் ஒரு மரத்துண்டைக் காலடியில் ஒட்டிவிடுங்கள். அறுக்கத் தொடங்கினால் கதிரை பதிந்துகொண்டே போகும்.

### பொருத்தில் கோடு திறந்து மூடுகிறது

கதிரையைப் பாயில் கவிழ்த்து, இரண்டு இரண்டு கால்களாகப் பிடித்து விரித்தும் நெருக்கியும் பாருங்கள். எங்கே தோளுக்கும் காலுக்கும் நடுவில் கோடு திறக்கிறதோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள். அதிகமாகப் பிழைப்பது பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம். சாப்பிட்டு முடித்து நாம் பின்னால் சாய்கிறோமே, அந்தப் பாரம் முழுவதும் அங்கேதான் போய் இறங்குகிறது.

முதலில் இருக்கைக்கு அடியில், மூலைகளில் முக்கோணக் கட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் திருகாணி தளர்ந்திருந்தால் இறுக்கினாலே சில கதிரைகள் நிற்கும். கட்டையே விழுந்துபோயிருந்தால் புதிது வெட்டி வைக்கலாம். முதிரை, பாலை மாதிரி இரும்பு மரங்களில் திருகாணி போடுமுன் கட்டாயம் ட்ரில்லால் துளையிட்டு, ஆணியில் கொஞ்சம் சவர்க்காரம் பூசுங்கள். இல்லாவிட்டால் பாதியில் தலை முறியும்.

அப்படியும் கோடு திறந்தால் கம் விட்டுப்போய்விட்டது. இங்கேதான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். கோட்டுக்கு மேலே கம் வழியவிட்டுத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காய்ந்த பழைய வெள்ளைக் கம்மின் மேல் புதுக் கம் பிடிக்காது. பொருத்தைக் கழற்றி, பழையதை முழுதாக எடுத்து, மரம் மரத்தைத் தொடும்படி செய்தால்தான் ஒட்டும். குறுக்கு வழி தேடி நானும் ஊசியால் கம் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அதே கதிரை திரும்பி வந்தது.

கழற்றுமுன் ஒவ்வொரு துண்டிலும் எது எதற்குள் போகிறது என்று இலக்கம் எழுதுங்கள். கையால் செய்த கதிரையில் இரண்டு கழுந்து ஒரே அளவாக இருக்காது. பிறகு ஒரு பலகைத் துண்டைத் தோளுக்கு அருகில் வைத்து, அதன் மேல் கொட்டாப்புளியால் தட்டுங்கள். கதிரையில் நேரே அடிக்கக்கூடாது. வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டவேண்டாம். முதலில் குறுக்கே மரமுளை இருக்கிறதா என்று தேடுங்கள். பொலிஷுக்கு அடியில் சிறிய வட்டமாகத் தெரியும். இருந்தால் அதை ட்ரில்லால் குடைந்து எடுக்கவேண்டும். முளை இல்லை என்றால் வெதுவெதுப்பான வினாகிரியை மருந்தேற்றும் ஊசியால் கோட்டுக்குள் விட்டு, அரை மணித்தியாலம் பொறுத்து மறுபடி தட்டுங்கள். வெளியே வழிந்ததை உடனே துடையுங்கள், பொலிஷ் வெளுக்கும்.

பிரிந்ததும் பழைய கம்மைப் பாருங்கள். கண்ணாடி போலப் பழுப்பாக உடைந்து, சுடுநீர்த் துணி பட்டதும் பிசுபிசுத்தால் அது அந்தக் காலத்து வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சுடுநீரில் நனைத்த துணியாலேயே முழுவதும் வந்துவிடும். றப்பர் போல உரிந்தால் வெள்ளைக் கம். அதை உளியின் வாயால் சுரண்டி எடுக்கவேண்டும், வெட்டக்கூடாது. கழுந்தின் கன்னத்தில், அதாவது அதன் அகலமான பக்கத்தில், ஒரு சீவல் அதிகமாகப் போனாலும் பொருத்து மெலிந்துவிடும்.

நன்றாகக் காயவிட்டு, கம் இல்லாமல் ஒருமுறை கோத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் போய், கடைசியில் ஒரு தட்டுக் கேட்கவேண்டும். அதுதான் சரியான பிடி. பிறகு கழுந்துக்கும் துளைச் சுவருக்கும் மெல்லிதாகக் கம் பூசி, கோத்து, இறுக்கி, கதிரையை நிமிர்த்தி நான்கு காலும் நிலத்தில் படுகின்றனவா என்று பார்த்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். முழுப் பாரம் 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான். அடைமழை நாள் என்றால் இன்னும் ஒரு நாள்.

### கழற்றிப் பார்த்தால் கழுந்து துளைக்குள் சலசலவென்று ஆடுகிறது

வெள்ளைக் கம் இடைவெளியை நிரப்பாது. நிறையப் பூசினாலும் காய்ந்ததும் சுருங்கிவிடும். அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து, கழுந்தின் கன்னத்தில் இழை ஓடும் திசையிலேயே ஒட்டி, காய்ந்ததும் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்துங்கள். இரண்டு கன்னத்திலும் சமமாக ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் விலகிப்போகும்.

கடைந்த குறுக்குக் கம்பு, வட்டத் துளைக்குள் போகும் வகை என்றால் ஆப்புத்தான் நல்லது. ஆனால் துளை மறுபக்கம் வரை ஊடுருவிப் போயிருக்கவேண்டும். கழுந்தின் நுனியில் ஒரு வாள்வெட்டு விட்டு, கோத்தபின் வெளியிலிருந்து மெல்லிய ஆப்பை அடியுங்கள். இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். ஆப்பு விரிக்கும் திசை, காலில் மர இழை மேலும் கீழுமாக ஓடும் திசையிலேயே இருக்கவேண்டும். பக்கவாட்டில் விரித்தால் கால் பிளக்கும். நன்றாக இருந்த ஒரு பலாக் காலை இப்படி நான் பிளந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஆப்பு அடிக்குமுன் இழையை விரலால் தடவிப் பார்க்காமல் அடிப்பதில்லை.

### கழுந்து ஒடிந்துவிட்டது

ஒடிந்த துண்டைத் துளைக்குள்ளிருந்து குடைந்து எடுத்துவிட்டு, சட்டத்தின் நுனியிலும் அதே அளவில் ஒரு துளை பொளிந்து, இரண்டுக்கும் பொதுவாகத் தனிக் கழுந்து ஒன்றைக் கோக்கலாம். உளி பழகிய கைக்கு இது செய்யக்கூடிய வேலை. பழகாதவர்கள் இந்த இடத்தில் ஓடாவியாரிடம் கொடுங்கள். இரண்டு துளையும் ஒரே நேரில் வராவிட்டால் கதிரை முழுவதும் கோணும்.

கால் துளையைச் சுற்றி நீளமாகப் பிளந்திருந்தாலும், உள்ளே கறையான் அல்லது வண்டின் தூள் கொட்டினாலும் அப்படித்தான். ஆணி அடித்த கதிரைகளில் தலையைச் சுற்றி மரத்தைக் குடையாமல் ஆணியைப் பிடுங்க முயலவேண்டாம். கறள் பிடித்த ஆணி மரத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

## மேசைப் பலகையில் வெடிப்பு

முதலில் பார்க்கவேண்டியது காலம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் காய்ந்து ஒடுங்கும். நீளத்தில் பெரிதாக அசையாது, அகலத்தில்தான் இந்த விளையாட்டு. ஓர் அடி அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 3 சதவீதம் மாறினால், பலகை அறுபட்ட விதத்தைப் பொறுத்து 1 மில்லிமீற்றரிலிருந்து 1.7 வரை அகலம் மாறும். மூன்றடி மேசைக்கு அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

### வெடிப்பு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் திறந்து, கார்த்திகையில் மூடுகிறது

பலகையை அடிச்சட்டத்தோடு அசையவிடாமல் திருகி வைத்திருக்கிறார்கள். அது ஒடுங்க இடம் கேட்டுக் கிழிகிறது. மேசையைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, சட்டத்தில் உள்ள துளைகளைப் பலகையின் அகலப்பாட்டில் நீள்துளையாக்குங்கள். வாஷர் போட்டு அளவாக இறுக்குங்கள். நடுவில் உள்ள ஆணி மட்டும் இறுக்கமாக இருக்கலாம். வெடிப்புக்குள் கோடையில் புட்டி அடைக்கவே வேண்டாம். மாரியில் பலகை ஊதும்போது அந்தப் புட்டியே ஆப்பாகி அடுத்த இடத்தைப் பிளக்கும்.

### எந்தக் காலமும் திறந்தே இருக்கிறது

இரண்டு பலகை சேர்ந்த கோட்டிலேயே நேராகத் திறந்திருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. பிரித்து, இரண்டு விளிம்பையும் சீவி, ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஒளிக் கோடு தெரியாத வரை சீவவேண்டும். விளிம்போடு விளிம்பு ஒழுங்காகச் சேர்ந்தால் கம் மட்டுமே போதும், முளை தேவையில்லை. தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். அதில் உள்ள எண்ணெய் கம்மைப் பிடிக்கவிடாது. துடைத்த பிறகு தேநீர் குடிக்கப் போகவேண்டாம். எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

நாலடிக்கு மேல் நீளமான பலகையைக் கைச் சீவுளியால் நேராக்குவது கடினம். மர ஆலையில் மெஷினில் கொடுத்து இழைத்து வாருங்கள். நாள் முழுக்கப் பாடுபடுவதை அங்கே சில நிமிடத்தில் முடித்துத் தருவார்கள்.

## லாச்சி

### மழைக்கு இறுகிவிட்டது

இழுத்துப் பிடுங்காதீர்கள். முன்பலகை கையோடு வந்துவிடும். மேல் லாச்சியைக் கழற்ற முடிந்தால் அங்கிருந்து கையை விட்டுப் பின்பக்கத்தைத் தள்ளுங்கள். வெளியே வந்ததும் ஓடும் இடங்களில் மெழுகுதிரியைத் தேய்த்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

போதாவிட்டால் பக்கப் பலகையில் வெண்கட்டி பூசி, உள்ளே தள்ளி எடுங்கள். வெண்கட்டி அழிந்த இடம்தான் முட்டும் இடம். அங்கே ஒரு சீவல், கூடினால் இரண்டு. மழை உச்சத்தில் இலகுவாக ஓடும் வரை சீவினால் ஆவணியில் லாச்சி பெட்டிக்குள் கலகலக்கும்.

### முன்பலகை கழன்று வருகிறது

ஆணியால் மட்டும் சேர்த்த லாச்சி என்றால் அதற்கு வாழ்வு அவ்வளவுதான். புறாவால் பொருத்து என்றால் எந்தப் பலகையில் வால் வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். வால் பக்கப் பலகையில் இருக்கவேண்டும். அப்போது முன்பலகையை இழுக்க இழுக்கப் பொருத்து இறுகும். திருப்பி வெட்டியிருந்தால் கம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், எத்தனை தரம் ஒட்டினாலும் கழலும். அதை மாற்றிச் செய்வதைத் தவிர வழியில்லை.

சரியாக வெட்டி, இடைவெளி மட்டும் இருந்தால் அதே மரத்தில் மெல்லிய ஆப்புச் சீவி, கம் பூசி இடைவெளிக்குள் செருகி, காய்ந்ததும் மட்டமாக அறுத்துவிடுங்கள். மரத்தூளையும் கம்மையும் குழைத்து அப்புவது பார்வைக்கு மட்டும்தான், அதில் பலமில்லை.

### அடிப்பலகை மூலையைத் தள்ளிப் பிரிக்கிறது

அடிப்பலகையைக் காடிக்குள், அதாவது அது போய் இருக்கும் நீளப் பள்ளத்துக்குள், ஒட்டிவிட்டார்கள். அது சும்மா இருக்கவேண்டும், ஊதும்போது போக இடம் வேண்டும். ஒட்டை விடுவித்து, பின்பக்கம் ஒரு நூல் அளவு சீவிவிடுங்கள்.

## கதவு நிலத்தில் உரசுகிறது

கதவைக் கழற்ற ஓடவேண்டாம். முதலில் அளவுநாடாவால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு நல்லாயிருக்கிறது, பிழை பிணைச்சலிலோ நிலையிலோ. ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் பொருத்து விட்டுக் கதவு சாய்ந்திருக்கிறது. அடுத்து, கதவைப் பாதி திறந்து, கொண்டிப் பக்கக் கீழ் மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். இன்னொருவர் பிணைச்சலையும் பொருத்துகளையும் பார்க்கட்டும். எது அசைகிறதோ அதுதான் நோயாளி.

### பிணைச்சல் அசைகிறது

திருகாணித் துளை பெருத்திருக்கும். அதே மரத்தில் முளை சீவி, கம் பூசி அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டுத் திருகுங்கள். குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கடல் காற்றுப் படும் இடங்களில் பித்தளைத் திருகாணியே போடுங்கள். இரும்பு ஆணி கறள் பிடித்துத் துளையையே தின்றுவிடும்.

### நிலையே சுவரிலிருந்து அசைகிறது

இது மரவேலை இல்லை. மேசனைக் கூப்பிடுங்கள். சுவரோரம் கறையான் புற்று மண் தெரிந்தால் அதை முதலில் தீர்க்கவேண்டும். அதற்கு முன் கதவில் கை வைப்பது வீண்.

### குறுக்குச் சட்டமும் நெட்டுச் சட்டமும் சேரும் இடம் திறக்கிறது

கதவின் விளிம்பைப் பாருங்கள். கழுந்தின் நுனி வெளியே தெரிந்தால் நல்ல காலம். கதவை இறக்கி, இரண்டு மேசையில் மட்டமாகப் படுக்கவைத்து (தேக்குக் கதவு ஒருவர் தூக்கும் பாரமல்ல), கயிறு முறுக்கியோ நீளக் கிளாம்ப் போட்டோ தோள் முட்டும்வரை இறுக்கி, குறுக்களவு இரண்டும் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு கழுந்தின் மேலும் கீழும், துளை ஓரத்தில், கம் பூசிய ஆப்பு அடியுங்கள். இரண்டு ஆப்பையும் மாறி மாறித் தட்டவேண்டும். ஒன்றை முழுக்க அடித்துவிட்டு மற்றதற்குப் போனால் சட்டம் விலகிவிடும்.

பூட்டுப் பக்கம் மட்டும் திறந்தால் பூட்டைக் கழற்றிப் பாருங்கள். நடுக் குறுக்குச் சட்டத்துக்கு நேரே பூட்டுக்குத் துளை குடைந்தவர் கழுந்தையும் சேர்த்து வெட்டியிருப்பார். இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காது. கதவைச் செய்தவர் ஒரு நாள் பாடுபட்டு இறக்கிய கழுந்து அது. பூட்டைச் சட்டத்துக்கு மேலோ கீழோ வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதற்கு ஓடாவியார்தான் வரவேண்டும். பழைய துளையை மரத்தால் அடைத்து, புதுக் கழுந்து வைத்து, பூட்டுக்கு வேறிடம் பார்ப்பார். செதுக்கு வேலை உள்ள பழைய கதவுகளையும் நீங்களே பிரிக்கவேண்டாம்.

## யன்னலின் கீழ் மூலை கறுத்து மெத்தென்றிருக்கிறது

கத்தி நுனியால் குத்துங்கள். நுனி மட்டும் இறங்கினால் மேல்தோல்தான் கெட்டது. காயவிட்டு, சுரண்டி, சட்டத்தின் வெட்டு முகத்துக்கு இரண்டு மூன்று தரம் பெயின்ற் பூசுங்கள். மழைநீர் உள்ளே போகும் வாசல் அந்த வெட்டு முகம்தான், பெயின்ற் அடிப்பவர்கள் விட்டுவிடுவதும் அதையேதான். கத்தி ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் கழுந்தும் உளுத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட துண்டை அறுத்து, சரிவாக ஒட்டுப் போடவேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு எட்டு அங்குல நீளச் சரிவு கணக்கு. அதைவிடக் கட்டையாகப் போட்ட ஒட்டு அடுத்த மாரியில் வாய் பிளக்கும். கண்ணாடி பூட்டிய யன்னல் என்றால் ஓடாவியாரிடம் விடுங்கள்.

## புதிதாகச் செய்கிறேன், பொருத்து மூடவில்லை

திருத்துபவர்களை விட, புதிதாகச் செய்து பழகும் பிள்ளைகள்தான் இந்தக் கேள்வியோடு அதிகம் வருகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

### தோள் இரண்டு பக்கமும் முட்டாமல் நிற்கிறது

கழுந்து துளையின் அடியில் முட்டுகிறது. ஒரு குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்து, கழுந்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். துளை 2 மில்லிமீற்றர் கூட ஆழமாக இருக்கவேண்டும். அந்த இடம் கம்முக்கும் வேண்டும். அது இல்லாவிட்டால் அடிக்கும்போது கம் போக வழியில்லாமல் மரத்தைப் பிளக்கும். ஆழம் சரி என்றால் துளை மூலைகளில் தேங்கிய சிராயைப் பாருங்கள்.

### ஒரு பக்கம் முட்டுகிறது, மறுபக்கம் வாய் திறக்கிறது

தோள் வெட்டு சரிந்திருக்கிறது, அல்லது துளை சாய்வாகப் பொளியப்பட்டிருக்கிறது. எது என்று அறிய, துளைக்குள் இறுக்கமாக ஒரு நேர்ச் சட்டத்துண்டைச் செருகி மூலைமட்டம் வையுங்கள். சட்டத்துண்டு சாய்ந்தால் துளையில் பிழை. நேராக நின்றால் தோளில்.

தோள் சரிய முக்கிய காரணம் பென்சில் கோடு. பென்சில் கோட்டுக்கு ஒரு தடிப்பு உண்டு, அதற்குள் வாள் எங்கேயும் போகும். மூலைமட்டம் வைத்துக் கத்தியால் நாலு பக்கமும் கீறுங்கள். கீறலின் கழிவுப் பக்கம் உளியால் ஒரு சின்னச் சரிவு எடுத்தால் வாள் தானாக அதில் போய் உட்காரும். நான் பழகிய ஓடாவியார் கத்திக் கோடு இல்லாத மரத்தில் வாள் வைக்கவிடமாட்டார். அன்று அது கரைச்சலாக இருந்தது. இன்று நானும் விடுவதில்லை.

### அடித்து இறக்கும்போது சட்டம் பிளந்தது

கழுந்து தடிப்பாக இருந்திருக்கும், அல்லது துளை சட்டத்தின் நுனிக்கு மிக அருகில் இருந்திருக்கும். கழுந்தின் தடிப்பு சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குலம். கையில் இருக்கும் உளியின் அகலத்துக்கு ஏற்ப அதைத் தீர்மானித்தால் துளை பொளிவது இலகு. முதலில் துளையைப் பொளிந்துவிட்டு, அதற்கு ஏற்பக் கழுந்தைச் சீவுங்கள். கழுந்தைச் சீவுவது எளிது, துளையைச் சீவுவது கடினம். நுனியில் ஓர் அங்குலம் மிகையாக விட்டு வைத்து, எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் அறுத்துவிடலாம்.

### மூலைகள் மூடின, ஆனால் சட்டம் முறுகி நிற்கிறது

சமதளமான மேசையில் வைத்தால் ஒரு மூலை தூக்கும். கம் காயுமுன் கண்டுபிடித்தால் எதிர்ப்பக்கம் பாரம் வைத்துச் சரிசெய்யலாம். காய்ந்தபின் கண்டால் பிரிக்கத்தான் வேண்டும். ஆகவே கம் பூசுமுன் ஒருமுறை வெறும் மரமாகக் கோத்து, மேசையில் வைத்துப் பாருங்கள்.

### செய்தபோது இறுக்கம், ஆறு மாதத்தில் தளர்ந்துவிட்டது

மரம் காயாமல் வந்திருக்கிறது. மரக்காலையில் "காய்ந்த மரம்தான்" என்று சொல்வார்கள். நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. அந்தப் பலகையில் ஒரு துண்டை அறுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து மறுபடி நிறுங்கள். நிறை இன்னும் குறைந்துகொண்டே போனால் பலகையை அடுக்கி, நடுவில் சலாகை வைத்துக் காற்றுப்பட விடுங்கள். வீட்டு வேம்பைத் தறித்து அறுப்பித்தவர்கள் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்று பொறுமையாக இருக்கவேண்டும்.

## கட்டில் சத்தம் போடுகிறது

தலைப்பலகையும் பக்கச் சட்டமும் சேரும் போல்ட்டுகளை இறுக்குங்கள். சத்தம் நிற்காவிட்டால் கழற்றி, மரத்தோடு மரம் உரசும் முகங்களில் மெழுகு தேயுங்கள். கழற்றிப் பூட்டவேண்டிய பொருத்து இது, கம் பூசக்கூடாது.

## பனங்கைமரத்தில் பொருத்து நாராய்ப் பிரிகிறது

பனையை மற்ற மரம் போல நினைத்துக் கழுந்து எடுத்தால் நிற்காது. அதன் பலம் வெளிப்புறத்துக் கறுப்பு வைரத்தில்தான் இருக்கிறது. உட்பக்கம் சோறு. கழுந்துக்காக வெளிப்பக்கத்தைச் சீவும்போது நல்லதைக் கழித்துவிட்டுச் சோற்றை வைத்துக்கொள்கிறோம். ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைத்து, முன்கூட்டித் துளையிட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து போல்ட் போடுவதே சரி. கொட்டில், பந்தல் என்றால் நீங்களே மாற்றலாம். ஓட்டுக் கூரை என்றால், கூரை வேலை தெரிந்த ஓடாவியார் வந்து கீழிருந்து முட்டுக் கொடுக்கும்வரை அந்தப் பொருத்தில் எதையும் கழற்றவேண்டாம்.